பை சார்ட்டைச் சாய்த்தால் கணக்கு மாறுமா? 1858-ல் நைட்டிங்கேல் திருத்திய ஒரு படத்தின் கதை

2008 ஜனவரி. சான் பிரான்சிஸ்கோவில் மேக்வேர்ல்டு நிகழ்ச்சி. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ், அவருக்குப் பின்னால் பெரிய திரையில் ஒரு பை சார்ட். அமெரிக்க ஸ்மார்ட்போன் சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காட்டும் படம் அது. ஆப்பிளுக்கு 19.5 சதவீதம். 'மற்றவை' என்று போட்டிருந்த துண்டுக்கு 21.2 சதவீதம். கணக்குப்படி 'மற்றவை'தான் பெரிசு. ஆனா திரையைப் பார்த்தவர்களுக்கு ஆப்பிளின் பச்சைத் துண்டுதான் பெரிசாகத் தெரிந்தது.

எண்ணில் பொய் இல்லை. எல்லாம் படத்திலேயே எழுதியிருந்தது. விஷயம் கோணத்தில் இருந்தது. அந்த பை சார்ட் 3டி-யில் பின்பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆப்பிளின் துண்டு முன்னால் வந்து நின்றது, அதன் தடிமனும் சேர்ந்து தெரிந்தது. 'மற்றவை' பின்னால் போய்ச் சுருங்கிவிட்டது.

இன்று பவர்பாயிண்டில் இதைச் செய்ய 10 விநாடிகூட ஆகாது. ஆனா ஒரு படம் எண்ணைச் சரியாக வைத்துக்கொண்டே கண்ணை ஏமாற்றும் என்பது கம்ப்யூட்டர் வந்த பிறகு தெரியவந்த சங்கதி இல்லை. அதற்குச் சரியாக 150 ஆண்டுகளுக்கு முன்பு, தான் போட்ட படத்திலேயே அந்தத் தப்பு இருப்பதைப் பார்த்துத் திருத்தியவர் ஒருவர் உண்டு. உலகம் அவரைக் கையில் விளக்கோடுதான் நினைவில் வைத்திருக்கிறது. அவர் பெயர் புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

நர்ஸ் ஆக விடாத குடும்பம்

1820 மே 12-ம் தேதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள். அக்கா பிறந்தது நேப்பிள்ஸில் என்பதால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் அவருக்கு. பெற்றோர் வசதியான ஆங்கிலேயர்கள். இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒரு வீடு, ஹாம்ப்ஷயரில் ஒரு பெரிய வீடு.

பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத காலம். அப்பா வில்லியமே வீட்டில் உட்கார வைத்து லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மகளுக்கு அது போதவில்லை. கணக்கு படிக்கணும் என்று அடம்பிடித்தார். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கல்யாண வயதில் கணக்கு எதற்கு என்பதுதான் வீட்டின் நிலை. கடைசியில் அனுமதி கிடைத்தது.

16 வயதில், கடவுள் தன்னை ஏதோ ஒரு வேலைக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. அந்த வேலை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என்று அவர் முடிவுக்கு வந்தபோது வீட்டில் பெரிய பிரச்னையே வெடித்தது. அன்றைய இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் மரியாதை இல்லாத வேலை. வசதியான வீட்டுப் பெண் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. இந்தப் போராட்டம் பல வருடங்கள் நீண்டது. பல ஆண்டுகள் காத்திருந்து கேட்ட ஒருவரையும் திருமணம் செய்ய மறுத்தார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி. 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளர். அப்போது அவருக்கு 33 வயது.

ஸ்கூட்டாரியில் என்ன நடந்தது?

1854-ல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்கள் கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறார்கள் என்ற செய்தி லண்டன் பத்திரிகைகளில் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். போர்த் துறையில் இருந்த அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட், நைட்டிங்கேலுக்கு ஏற்கெனவே பழக்கமானவர். அவருடைய ஏற்பாட்டில் 38 நர்ஸ்களுடன் நைட்டிங்கேல் கிளம்பினார். 1854 நவம்பர் தொடக்கத்தில் இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அது மருத்துவமனையாகக் கட்டப்பட்ட இடமே இல்லை. துருக்கி ராணுவத்தின் பிரம்மாண்டமான பாசறை. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் சுத்தமில்லை, காற்றோட்டம் இல்லை. காலரா, வயிற்றுப்போக்கு, டைபஸ் காய்ச்சல். குண்டடி பட்டு வந்தவர்கூட காயத்தால் சாகாமல் பக்கத்துப் படுக்கைக்காரரின் நோயால் செத்தார்.

நைட்டிங்கேல் துணி, சோப்பு, சாப்பாடு, படுக்கை என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தார். இரவில் விளக்கோடு வார்டைச் சுற்றிவந்த புகழ்பெற்ற காட்சி இங்கேதான். இதை எல்லாருக்கும் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒரு உண்மை இருக்கிறது. அவர் வந்த பிறகும் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தொட்டது. அன்பும் கவனிப்பும் சாக்கடையை எதிர்த்து என்ன செய்ய முடியும்? மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதார ஆணையம் வந்தது. சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள், செத்த விலங்குகளை அப்புறப்படுத்தினார்கள், தண்ணீர் வரும் வழியைச் சரிசெய்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். அதன் பிறகு சில மாதங்களில் சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

புகழ் வந்த பிறகு ஒரு மோசமான கணக்கு

1856 ஆகஸ்டில் இங்கிலாந்து திரும்பியபோது நாடே அவரைக் கொண்டாடக் காத்திருந்தது. அவர் ஆரவாரமில்லாமல் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே விக்டோரியா ராணியைச் சந்தித்து, ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரணை ஆணையம் வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆணையம் 1857-ல் அமைந்தது. அன்றைய வழக்கப்படி பெண் உறுப்பினராக முடியாது. ஆனா ஆணையத்துக்கான கணக்கு, கேள்வி, அறிக்கை எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது.

இந்த வேலையில் கூட இருந்தவர் வில்லியம் ஃபார். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் புள்ளிவிவர நிபுணர். ராணுவத்தின் பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருந்தன. இருவரும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து எண்ணினார்கள். கிடைத்தது இதுதான்: 1855 ஜனவரி என்ற ஒரே மாதத்தில் கிழக்கே இருந்த சுமார் 32 ஆயிரம் பேர் கொண்ட படையில், தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் 2,761 பேர் செத்திருந்தார்கள். காயத்தால் செத்தவர்கள் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர்.

2,761 எங்கே, 83 எங்கே? ரஷ்யத் துப்பாக்கி கொன்றதைப் போல 33 மடங்கு ஆட்களைத் தடுக்கக்கூடிய நோய் கொன்றிருந்தது. முழு இரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்தாலும் நோய்க்கு 14,400-க்கு மேல், காயத்துக்கு 1,750 சொச்சம்.

அந்த ஜனவரியில் அவரே ஸ்கூட்டாரியில்தான் இருந்தார். தன் பொறுப்பில் இருந்த இடத்திலேயே இவ்வளவு பேர் தேவையில்லாமல் செத்தார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது என்றும், 1857-ல் அவர் உடல்நிலை சரிந்ததற்கு அதுவும் காரணம் என்றும் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வேறு சிலர் இதை ஏற்பதில்லை, அது கிரிமியாவில் தொற்றிய காய்ச்சலின் தொடர்ச்சி என்கிறார்கள். எது எப்படியோ, அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. அச்சடித்து, படமும் போட்டார்.

முதல் படம் ஏன் தப்பானது?

ஏன் படம்? பக்கம் பக்கமாக அட்டவணை கொடுத்தால் அமைச்சரும் எம்.பி-யும் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். கூட்டமாகத் தங்கும் இடத்தில் தொற்றுநோய்ச் சாவு இயற்கைதானே என்று நினைத்த பெரிய மருத்துவ அதிகாரிகளும் அப்போது இருந்தார்கள். ஒரே பார்வையில் அடிக்கணும்.

அப்போது சார்ட் என்பதே புது விஷயம். கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் 1786-ல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். பை சார்ட் வந்தது 1801-ல் வந்த அவருடைய இன்னொரு புத்தகத்தில். ஃபாரும் தன் 1852 காலரா அறிக்கையில் வட்ட வடிவப் படங்களைப் போட்டிருந்தார்.

நைட்டிங்கேலின் முதல் முயற்சியும் வட்டம்தான். நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து கடிகார முள் போல 12 மாதத்துக்கு 12 கோடுகள். ஒவ்வொரு கோட்டின் நீளமும் அந்த மாதத்தின் இறப்பு விகிதம். கோட்டின் முனைகளை எல்லாம் இணைத்து உள்ளே வண்ணம் தீட்டினார். வௌவால் இறக்கை போல ஒரு உருவம் வந்தது. அதனால் இதற்கு 'வௌவால் இறக்கை' படம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிரச்னை இதுதான். படத்தில் எண் இருப்பது கோட்டின் நீளத்தில். பார்ப்பவரின் கண் போவது வண்ணம் தீட்டிய பரப்புக்கு. நீளம் 2 மடங்கானால் பரப்பு 4 மடங்காகிவிடும். நீளம் 10 மடங்கு என்றால் பரப்பு 100 மடங்கு. 1855 ஜனவரியில் நோய்க்கும் காயத்துக்கும் உள்ள 33 மடங்கு வித்தியாசத்தை இப்படி வரைந்தால், கண்ணுக்குக் கிட்டத்தட்ட 1,100 மடங்காகத் தெரியும்.

தன் வாதத்துக்குச் சாதகமான தப்பு இது. அப்படியே விட்டிருந்தால் படம் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும். ஆனா எதிரணியில் ஒருவர் ஸ்கேலை எடுத்து அளந்து, இந்த அம்மா மிகைப்படுத்துகிறார் என்று சொல்லியிருந்தால் போதும், 2,761 என்ற உண்மையான எண்ணும் சேர்ந்து அடிபட்டுப் போயிருக்கும். படிக்கும்போது பரப்பைப் பார்க்க வேண்டாம், கோட்டின் நீளத்தைப் பாருங்கள் என்று சொல்லும் திருத்தச் சீட்டு ஒன்று அச்சான புத்தகத்தில் செருகப்பட்டது. பிறகு படத்தையே மாற்றிவிட்டார்.

அந்தப் புகழ்பெற்ற 'ரோஜா'

1858-ல் வந்த புதுப் படத்தில் கோடு இல்லை, துண்டு. வட்டம் 12 சம கோணத் துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் 30 டிகிரி. கோணம் எல்லா மாதத்துக்கும் ஒன்றே, துண்டு எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்பதுதான் மாறும். அந்த நீளத்தை இப்போது வர்க்கமூலம் போட்டுக் கணக்கிட்டார்கள். 33 மடங்கு சாவு என்றால் துண்டு 5.7 மடங்குதான் நீளும், பரப்பு சரியாக 33 மடங்கு வரும். எண்ணும் கண்ணும் ஒன்றையே சொல்லும்.

நீலம், தடுக்கக்கூடிய நோய். சிவப்பு, காயம். கறுப்பு, மற்றவை. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை ஒரு வட்டம், அடுத்த 12 மாதத்துக்கு இன்னொரு வட்டம். முதல் வட்டத்தில் நீலம் பெரிய பூவாக விரிந்து கிடக்கிறது. இரண்டாவது சின்னதாகச் சுருங்கிவிடுகிறது. நடுவில் நடந்தது சுகாதார ஆணையத்தின் வேலை. 1856 ஜனவரியில், 44 ஆயிரம் பேர் இருந்த படையில் நோயால் செத்தது 42 பேர்தான்.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. முதல் ஆண்டின் வட்டம் வலது பக்கம், இரண்டாம் ஆண்டு இடது பக்கம். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவருக்கு இது தலைகீழ். மூன்று வண்ணமும் நடுப்புள்ளியிலிருந்தே அளக்கப்படுவதால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, அடியில் இருப்பது கொஞ்சம் மறைகிறது. இதே எண்களைச் சாதாரண பட்டை வரைபடமாகப் போட்டால் இன்னும் சுலபமாகப் புரியும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கு.

நைட்டிங்கேலுக்கே அது தெரியாமல் இல்லை. சண்டையே இல்லாத நேரத்தில் இங்கிலாந்துக்குள் பாசறையில் இருக்கும் சிப்பாய்களைப் பற்றிப் பேசும்போது வெறும் பட்டைகளைத்தான் போட்டார். 20 முதல் 25 வயது வரையிலான சாதாரண ஆண்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.4 பேர் இறக்கிறார்கள். அதே வயது சிப்பாய்களில் 17 பேர். உடம்பு நல்லா இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். இரண்டு பட்டை, ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு. அந்த இடத்தில் பூவும் இறக்கையும் தேவைப்படவில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ரோஜாப் படத்துக்கு ஆங்கிலத்தில் 'சேவல் கொண்டை' என்றும் ஒரு பெயர் சுற்றுகிறது. அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியது படங்கள் அடங்கிய தொகுப்புக்கு. பின்னால் வந்தவர்கள் அதை அந்த ஒரு படத்தின் பெயராக்கிவிட்டார்கள்.

அதே 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்தது. அந்தப் பெருமை கிடைத்த முதல் பெண் அவர்தான். பாசறைகளிலும் ராணுவ மருத்துவமனைகளிலும் மாற்றங்கள் வந்தன, ராணுவ மருத்துவப் பள்ளி 1860-ல் தொடங்கியது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்ஸிங் பள்ளி திறந்ததும் அதே ஆண்டில்தான்.

உங்க ஸ்லைடில் இதை எப்படிப் பார்ப்பது?

பவர்பாயிண்டில் ஒரு 3டி சார்ட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் '3-டி ரொட்டேஷன்' என்று ஒரு அமைப்பு வரும். அதில் எக்ஸ், ஒய், பெர்ஸ்பெக்டிவ் என்று மூன்று இருக்கும். பை சார்ட்டில் எக்ஸ் எண்ணை மாற்றினால் தட்டு சுற்றும், எந்தத் துண்டு முன்னால் வரணும் என்பதை அது தீர்மானிக்கும். ஒய் என்பது எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பது. அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போனால், சாப்பாட்டுத் தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பது போல வட்டம் தட்டையாகிவிடும். முன்னால் இருக்கும் துண்டுக்குத் தடிமனும் சேரும். பெர்ஸ்பெக்டிவை ஏற்றினால் கிட்டே இருப்பது இன்னும் பெரிசாகும், தூரத்தில் இருப்பது இன்னும் சிறுக்கும்.

உங்களுக்கே சோதித்துப் பார்க்கணும் என்றால் 25, 25, 25, 25 என்று நான்கு சம எண்களைப் போட்டு ஒரு 3டி பை சார்ட் செய்யுங்கள். ஒய் எண்ணைக் குறையுங்கள், எக்ஸை மெதுவாகச் சுற்றுங்கள். நான்கும் சமமாகத் தெரியும் ஒரு கோணத்தையாவது கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். 3டி பட்டை வரைபடத்தில் கதை வேறு: முன்னால் நிற்கும் பட்டை பின்னால் இருப்பதை மறைக்கும், உயரத்தை அச்சோடு ஒப்பிட்டுப் படிப்பதும் கஷ்டமாகும். அங்கே 'ரைட் ஆங்கிள் ஆக்ஸஸ்' என்ற பெட்டியை டிக் செய்தால் பெர்ஸ்பெக்டிவ் போய்விடும், கொஞ்சம் பரவாயில்லை. சாதாரண 2டி-க்கே மாறிவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பார்க்காத இந்தியாவுக்காக ஒரு கணக்கு

1857-க்குப் பிறகு நைட்டிங்கேல் பெரும்பாலும் படுக்கையிலும் அறைக்குள்ளும்தான் இருந்தார். வேலை நிற்கவில்லை. 1859-ல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி அடுத்த ஆணையம் அமைந்தது. இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. அதற்குப் பதிலாக இங்கே இருந்த ராணுவ நிலையங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, எத்தனை பேர் ஒரு அறையில் தூங்குகிறார்கள் என்று பதில்கள் பெட்டி பெட்டியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன.

1863-ல் அறிக்கை வந்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். அதன் தொடர்ச்சியாக சென்னை, பம்பாய், வங்காளம் மூன்று மாகாணங்களிலும் 1864-ல் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. பத்து ஆண்டில் அந்த 69 என்பது 18 ஆகக் குறைந்தது. சிப்பாய்களோடு நின்றுவிடாமல் கிராமத்துத் தண்ணீர், பாசனம், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் என்று அவர் எழுத்து விரிந்தது. நீர்ப்பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டனோடு கடிதத் தொடர்பில் இருந்தார். பஞ்சத்துக்கு அரசு என்ன செய்தது என்று லண்டன் பத்திரிகையில் காட்டமாகவே கேட்டார்.

1907-ல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அதற்குள் பார்வை மங்கிவிட்டது, நினைவும் தடுமாறியது. 1910 ஆகஸ்ட் 13-ம் தேதி லண்டனில் தன் வீட்டில் 90-வது வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யலாம் என்று வந்த யோசனையைக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ தேவாலயத் தோட்டத்தில், குடும்பக் கல்லறையில் அடக்கம் நடந்தது. கல்லில் அவருடைய முழுப் பெயர் கிடையாது. எஃப், என் என்ற இரண்டு எழுத்துகள், பிறந்த தேதி, இறந்த தேதி. அவ்வளவுதான்.